ஐந்தடிக்குள் ஒரு தோழன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசைக்குப் புதிதாக வருகிறவர்களில் ஒருவராவது ரோக் என்ற திருடன் வகுப்பைக் கேட்காமல் இருப்பதில்லை. கறுப்பு அங்கி, முகத்தை மறைக்கும் முக்காடு, இடுப்பில் இரண்டு கத்தி, யாரையும் நம்பாத பார்வை. கேரக்டர் ஷீட்டில் பூர்வீகம் எழுதும் இடத்தில் அப்பா அம்மா இல்லை, ஊர் இல்லை, சிநேகிதர் இல்லை. 2016-ல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர் வந்தது, 2023-ல் ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி விளையாட்டு வந்தது. அவற்றைப் பார்த்துவிட்டு மேசைக்கு வருகிறவர்கள் கூடக்கூட, இந்த ஒண்டிக்கட்டை ரோக்குகளும் கூடிக்கொண்டே போகிறார்கள்.

எட்ட நின்று வில் விடுகிற ரோக் ஒண்டிக்கட்டையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கிட்டப் போய்க் குத்துகிற மெலீ ரோக் அப்படி இருக்கவே முடியாது. கூடுதல் சேதம் தருகிற, ரோக்கின் உயிர்நாடியான ஸ்னீக் அட்டாக் விதியை ஒரு தரம் நிதானமாகப் படித்தாலே இது புரிந்துவிடும். 2014 பதிப்பு அதற்கு இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, உங்களுக்கு அட்வான்டேஜ் (இருபது முகப் பகடையை இரண்டு தரம் உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளும் சலுகை) இருக்க வேண்டும். அது இல்லையென்றால், நீங்கள் குத்தப்போகிற ஆளிடமிருந்து ஐந்தடிக்குள் அவனுடைய இன்னொரு எதிரி சுயநினைவோடு நின்றுகொண்டிருக்க வேண்டும். அந்த இன்னொரு எதிரி யார்? உங்கள் தோழன்தான். யாரையும் நம்பாதவன் என்று நீங்கள் எழுதிவைத்திருக்கும் அந்தப் பாத்திரத்தின் முழு பலமும், பக்கத்தில் ஒரு தோழன் வந்து நிற்பதில் இருக்கிறது.

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது இதைத்தான். மெலீ ரோக்கைத் தனியாக உட்கார்ந்து உருவாக்கக் கூடாது. மேசையில் மற்றவர்களோடு உட்கார்ந்துதான் உருவாக்க வேண்டும்.

நான்கு காப்ளின்கள்

2014-ல் வந்த ஸ்டார்ட்டர் செட்டில் ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்’ என்ற சாகசம் இருந்தது. உலகம் முழுக்கப் பலருக்கு அதுதான் முதல் விளையாட்டு. காட்டுப் பாதையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும். கிட்டப் போய்ப் பார்க்கிற நேரத்தில் புதருக்குள்ளிருந்து நான்கு காப்ளின்கள் பாய்வார்கள். மெலீ ரோக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய அத்தனையும் அந்த ஒரு சண்டையிலேயே இருக்கிறது.

முதல் லெவல் ரோக் ஒருவரை அந்தப் பாதையில் நிறுத்துவோம். டெக்ஸ்டெரிட்டி 16, கான்ஸ்டிடியூஷன் 14, தோல் கவசம், ஷார்ட்ஸ்வேர்டு. ஹிட் பாயிண்ட் 10, ஆர்மர் கிளாஸ் 14. எதிரே காப்ளினுக்கு ஹிட் பாயிண்ட் 7, ஆர்மர் கிளாஸ் 15. ரோக்கின் குத்து பட இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். காப்ளினின் வெட்டு ரோக்கின் மேல் படவும் அதே 10 விழ வேண்டும். பகடைக்கு முன்னால் இரண்டு பேரும் சமம்.

இப்போது குத்து பட்டுவிட்டது என்று வையுங்கள். ரோக் தனியாக நின்றால் சேதம் ஓர் ஆறு முகப் பகடையும் 3-ம். காப்ளின் சாக 7 வேண்டும் என்பதால் பகடையில் 4, 5, 6 விழுந்தால்தான் உண்டு; பட்ட குத்துகளில் சரிபாதி அவனைக் கொல்லாது. அதே காப்ளினுக்குப் பக்கத்தில் நம் ஃபைட்டர் நின்றுகொண்டிருந்தால் ஸ்னீக் அட்டாக் சேர்ந்து இன்னொரு ஆறு முகப் பகடை கிடைக்கும். இரண்டு பகடைக் கூட்டல் 4 ஆனாலே போதும். பன்னிரண்டு குத்து பட்டால் பதினொன்றில் காப்ளின் விழுந்துவிடுவான். கத்தி மாறவில்லை, கை மாறவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் வந்து நின்றார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். காப்ளினின் வெட்டு ஒன்றுக்குச் சராசரி ஐந்தரை சேதம். இரண்டு வெட்டு வாங்கினால் பதினொன்று. நம்மிடம் இருப்பதோ பத்து. தனியாக முன்னே ஓடிய ரோக்கை இரண்டு காப்ளின்கள் சூழ்ந்தால் முதல் ரவுண்டிலேயே அவர் தரையில் கிடக்கவும் வாய்ப்பு உண்டு. புதியவர்களின் முதல் ரோக் இந்தப் பாதையிலேயே சாய்வதை நான் பார்த்திருக்கிறேன். ‘எனக்குப் பகடை சரியில்லை’ என்பார்கள். பகடை சரியாகத்தான் இருந்தது. ஆள் நின்ற இடம்தான் சரியில்லை.

முதுகில் குத்தியவன்

தோழனைச் சார்ந்து நிற்கும் இந்தக் குணம் ஆட்டத்துக்கு ஆரம்பத்திலேயே வந்ததல்ல. 1974-ல் வெளியான முதல் பெட்டியில் சண்டைக்காரர், மந்திரவாதி, பூசாரி என்று மூன்றே வகுப்புகள். திருடன் 1975-ல் ‘கிரேஹாக்’ என்ற துணைநூலில் வந்து சேர்ந்தான். அவனுக்கு உயிர்ப் பகடை நான்கு முகம் மட்டும். அவன் செய்யக்கூடிய பெரிய காரியம், யாருக்கும் தெரியாமல் பின்னால் போய் முதுகில் குத்துவது. சேதம் இரட்டிப்பாகும், லெவல் ஏற ஏற மூன்று மடங்கு, நான்கு மடங்கு. அதற்குத் தோழன் தேவையில்லை. கூட்டம் இல்லாமல் இருந்தால்தான் வசதி. இருட்டில் தனியாக முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள் என்ற பிம்பம் அங்கிருந்துதான் பிறந்தது. அந்தப் பிம்பத்தை நாம் இன்னும் விடவில்லை. விதிகள் எப்போதோ விட்டுவிட்டன.

மாற்றம் 2000-ல் மூன்றாம் பதிப்போடு வந்தது. எதிரிக்கு இந்தப் பக்கம் நீங்கள், நேர் எதிர்ப்பக்கம் உங்கள் தோழன் என்று இரண்டு பேரும் அவனை நடுவில் மடக்கினால் ஸ்னீக் அட்டாக். 2014-ல் எதிர்ப்பக்கம் என்ற கட்டாயமும் போய், ஐந்தடிக்குள் எங்கே நின்றாலும் சரி என்று ஆனது. 2019-ல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் இன்றைக்கும் எதிர் எதிர்ப் பக்கத்தில் நின்று மடக்குவதுதான் மெலீ ரோக்கின் அன்றாட வேலை. முதுகில் குத்தும் தனி ஆள், கால் நூற்றாண்டாகவே ஜோடி சேர்ந்து குத்தும் ஆளாகிவிட்டான்.

ரோக்குக்கு முன்னோடி என்று ரசிகர்கள் கொண்டாடுகிற கிரே மௌசர் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1939 முதல் வந்த கதைகள் அவை. ஒரு கையில் மெல்லிய வாள், மறு கையில் குத்துவாள் என்று நம் மெலீ ரோக்கின் அச்சு அசல். அந்தக் குள்ள உருவத்துக்குப் பக்கத்தில் ஃபஃபர்ட் என்ற மலை போன்ற நண்பன் கதைக்குக் கதை நிற்கிறான். ‘ஹாபிட்’ நாவலில் திருடுவதற்கென்றே கூட்டிப்போகப்படும் பில்போவோடு பதின்மூன்று குள்ளர்கள் போகிறார்கள். ஒண்டிக்கட்டை ரோக் என்பது மூலக்கதைகளிலேயே அவ்வளவு ஆழமாக வேரோடிய விஷயமில்லை.

ஒரு கத்தியா, இரண்டா

உருவாக்கும் வேலைக்கு வருவோம். 15, 14, 13, 12, 10, 8 என்ற வழக்கமான எண்களில் 15 டெக்ஸ்டெரிட்டிக்கு. இதில் விவாதமே கிடையாது. 14 கான்ஸ்டிடியூஷனுக்கு. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பேச்சில் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்று அதைக் கரிஸ்மாவுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எதிரியிடமிருந்து எட்டும் தூரத்தில் நிற்கப்போகிறவருக்கு லெவலுக்கு இரண்டு ஹிட் பாயிண்ட் என்பது பெரிய விஷயம். மற்ற எண்களை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள். திறமைகளில் ஸ்டெல்த்தும் பெர்செப்ஷனும் தவறக் கூடாது.

இனத்தில் என் ஓட்டு லைட்ஃபுட் ஹாஃப்லிங்குக்கு. பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டும் அதிர்ஷ்டம் எல்லாருக்கும் தெரியும். அதைவிட எனக்குப் பிடித்த சலுகை இன்னொன்று உண்டு: தன்னைவிடப் பெரிய உருவம் ஒன்றின் பின்னால் ஹாஃப்லிங் ஒளிந்துகொள்ளலாம். தூண் வேண்டாம், சுவர் வேண்டாம், ஃபைட்டரின் முதுகு போதும். அவர் பின்னால் மறைந்து, மறைந்த இடத்திலிருந்து குத்தினால் அட்வான்டேஜ். இதற்கும் தேவை ஒரு தோழனின் உடம்புதான்.

இனி ஆயுதம். ரேப்பியர் எட்டு முகப் பகடை. ஒரு கைக்கு ஒன்றுதான். ஷார்ட்ஸ்வேர்டு ஆறு முகம். இலேசான ஆயுதம் என்பதால் இரண்டு கையிலும் ஒவ்வொன்று பிடிக்கலாம். ஸ்னீக் அட்டாக் ஒரு டர்னுக்கு ஒரு தடவைதான் என்பதால் இரண்டாவது கத்தி எதற்கு என்று கேட்பார்கள். இரண்டாவது கத்தி, தவறிய முதல் குத்துக்கு மறுவாய்ப்பு. அதே காப்ளின் மேல் ஒரு குத்து படும் வாய்ப்பு நூற்றுக்கு 55. இரண்டு குத்தில் ஒன்றாவது படும் வாய்ப்பு ஏறத்தாழ 80. பக்கத்தில் தோழன் நிற்கும்போது ரேப்பியரின் சராசரி சேதம் ஒரு டர்னுக்கு சுமார் 6. இரண்டு ஷார்ட்ஸ்வேர்டுக்குச் சுமார் 8.

அப்படியானால் இரண்டு கத்திதானே நல்லது? இங்கேதான் ஒரு டர்னுக்கு ஒன்றே ஒன்று கிடைக்கும் போனஸ் ஆக்ஷன் குறுக்கே வருகிறது. இரண்டாவது குத்துக்கு அது வேண்டும். இரண்டாம் லெவலில் கிடைக்கும் கன்னிங் ஆக்ஷனுக்கும் அதுவே வேண்டும். ஓடிப்போய்க் குத்திவிட்டு, டிஸ்எங்கேஜ் செய்து, அடி வாங்காமல் தோழனின் முதுகுக்குப் பின்னால் திரும்பிவிடுவதுதான் ரோக்கின் நடை. இரண்டு முறை குத்தினால் அந்த ரவுண்டில் அங்கேயே நின்று எதிரியின் பதிலடியை வாங்க வேண்டும்.

என்னிடம் கேட்டால், கையில் இரண்டு கத்தி இருக்கட்டும். இரண்டாவதை எப்போதும் வீச வேண்டாம். முதல் குத்து பட்டால் போனஸ் ஆக்ஷனைத் திரும்பி ஓடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். படாவிட்டால் மட்டும் இரண்டாவதை வீசுங்கள். ஓடுவதா நிற்பதா என்பதை உங்கள் ஹிட் பாயிண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, பக்கத்தில் நிற்கிறவரின் ஹிட் பாயிண்டையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ரவுண்டும் குத்திவிட்டு ஓடுகிற ரோக்கின் மேல் விழாத அடி காற்றில் கரைந்துபோவதில்லை. அது ஃபைட்டரின் மேல் விழுகிறது. ஃபைட்டருக்கு 49 ஹிட் பாயிண்ட், ரோக்குக்கு 38 என்கிற ஐந்தாம் லெவலில், ஃபைட்டர் 12-க்கு வந்துவிட்ட பிறகும் ரோக் 38-லேயே நின்றால் அந்தக் கணக்கு சரியில்லை. ஒரு ரவுண்டு நின்று, பங்குக்கு ஓர் அடி வாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்தாம் லெவலில் அன்கேனி டாட்ஜ் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற ஒருவன் அடித்தால் ரியாக்ஷனைச் செலவழித்து அந்த அடியைப் பாதியாக்கிக்கொள்ளலாம். அந்தத் திறமையைக் கொடுத்திருப்பதே நிற்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாம் லெவல்

மூன்றாம் லெவலில் எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பெயருக்காகவே பலர் போய் விழுவது அசாசின். சண்டை தொடங்கியபோது இன்னும் டர்ன் எடுக்காத எதிரி மேல் அட்வான்டேஜ். சுதாரிக்காத எதிரி மேல் பட்ட குத்தெல்லாம் கிரிட்டிக்கல், ஸ்னீக் அட்டாக் பகடைகளும் சேர்ந்து இரட்டிப்பு. காகிதத்தில் பார்க்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் எதிரி சுதாரிக்காமல் இருக்க வேண்டுமானால் உங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட அவன் கண்ணிலோ காதிலோ பட்டிருக்கக் கூடாது. இரும்புக் கவசம் போட்ட பாலடின் ஸ்டெல்த் உருட்டும்போது டிஸ்அட்வான்டேஜில் உருட்டுகிறார். அவர் சத்தம் போட்டால் உங்கள் கனவு கலைந்தது. ஆகவே அசாசின் என்ன செய்கிறார்? ‘நீங்க எல்லாம் இங்கயே இருங்க, நான் மட்டும் போய்ட்டு வரேன்’ என்று கிளம்புகிறார். மேசையில் மூன்று பேர் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து ஒருவர் விளையாடுவதை வேடிக்கை பார்க்கிறார்கள். உள்ளே போனவர் கண்டுபிடிக்கப்பட்டால் ஐந்தடிக்குள் ஒருவரும் இல்லை. ஒரு கூட்டத்தைப் பிரித்துவைக்கும்படி ஆளைத் தூண்டுகிற எந்தப் பிரிவையும் என்னால் சிபாரிசு செய்ய முடியாது.

ஸ்வாஷ்பக்ளர் பிரிவு 2015-ல் வந்தது. மெலீ ரோக்குக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். நீங்கள் யாரைக் குத்தப் பார்த்தீர்களோ, பட்டாலும் படாவிட்டாலும், அந்த டர்ன் முடியும்வரை நீங்கள் விலகும்போது அவனால் உங்கள் மேல் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் வீச முடியாது. கபடியில் பாடிப் போகிறவர் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகிற மாதிரி, குத்திவிட்டு வந்துவிடலாம். போனஸ் ஆக்ஷன் மிச்சம் என்பதால் இரண்டு கத்தியையும் தாராளமாக வீசலாம். மேலே சொன்ன சிக்கல் இங்கே தீர்ந்துவிடுகிறது.

ஸ்வாஷ்பக்ளருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. என் கட்சிக்கு எதிராகப் பேசுகிறவர்கள் எப்போதும் அதைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். எதிரி உங்களிடமிருந்து ஐந்தடிக்குள் இருந்து, வேறு யாரும் உங்களுக்கு ஐந்தடிக்குள் இல்லை என்றால், தோழன் இல்லாமலேயே ஸ்னீக் அட்டாக் கிடைக்கும். உண்மைதான். ஒற்றைக்கு ஒற்றை மோதும்போது அருமையான சலுகை. ஆனால் சாகசங்களில் எதிரிகள் ஒருவராக வருவது அபூர்வம். இரண்டாவது எதிரி பக்கத்தில் வந்த உடனே அந்தச் சலுகை போய்விடுகிறது. மறுபடி தோழனைத்தான் தேட வேண்டும்.

ஃபீட் எடுக்கும்போது

நான்காம் லெவலில் டெக்ஸ்டெரிட்டியை 18 ஆக்குவதா, ஃபீட் என்கிற சிறப்புத் திறமை எடுப்பதா? இரண்டாவது கத்தியை விட்டால், ரோக்குக்கு இருபதாம் லெவல் வரைக்கும் ஒரு டர்னுக்கு ஒரு அட்டாக்தான். ஃபைட்டர் மாதிரி அது பெருகாது. ஐந்தாம் லெவலில் டெக்ஸ்டெரிட்டி 18 உள்ள ரோக்கின் ரேப்பியர் குத்து ஒன்றுக்குச் சராசரி 19. அதில் பத்தரை ஸ்னீக் அட்டாக்கிலிருந்து வருகிறது. ஆகவே சேதத்தைக் கூட்ட ஒரே நல்ல வழி, ஒரு ரவுண்டில் இரண்டு தடவை ஸ்னீக் அட்டாக் செய்வது. விதி ‘ஒரு டர்னுக்கு ஒரு தடவை’ என்றுதானே சொல்கிறது? உங்கள் டர்னில் ஒன்று. அடுத்தவர் டர்னில், ரியாக்ஷனில், இன்னொன்று.

அந்த ரியாக்ஷனை எப்படிச் சம்பாதிப்பது என்பதில்தான் மெலீ ரோக்கின் ருசியே இருக்கிறது. சென்டினல் ஃபீட் எடுங்கள். உங்களுக்கு ஐந்தடிக்குள் நிற்கிற எதிரி, உங்களை விட்டுவிட்டு உங்கள் தோழனை அடித்தால், நீங்கள் ரியாக்ஷனில் அவனைக் குத்தலாம். அடிபடுகிற தோழன் அந்த எதிரிக்குப் பக்கத்தில்தானே இருப்பான்? ஆகவே ஸ்னீக் அட்டாக்கும் சேர்ந்துவிடும். எதிரிக்கு இரண்டு பக்கமும் இடி. உங்களை அடித்தால் அன்கேனி டாட்ஜ். தோழனை அடித்தால் சென்டினல்.

அல்லது, எந்த ஃபீட்டும் இல்லாமல், பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசுங்கள். அவர் ஃபைட்டராக இருந்து பேட்டில் மாஸ்டர் பிரிவை எடுத்தால், கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக் என்ற உத்தியில் தன்னுடைய ஓர் அட்டாக்கை விட்டுக்கொடுத்து, போனஸ் ஆக்ஷனும் செலவழித்து, ‘நீ குத்து’ என்று உங்களுக்குக் கொடுக்கலாம். அவர் டர்னில் உங்கள் ஸ்னீக் அட்டாக். அவர் வீசியிருந்தால் கிடைக்கும் சேதத்தைவிடப் பெரும்பாலும் அதிகம். பார்பேரியன் மூன்றாம் லெவலில் ஓநாய் டோட்டம் எடுத்தால், அவர் வெறியில் இருக்கிறவரை அவருக்கு ஐந்தடிக்குள் உள்ள எதிரிகள் மேல் உங்கள் கத்திக்கு எப்போதும் அட்வான்டேஜ். பார்ட் முதல் லெவலிலேயே ஃபேரி ஃபயர் மந்திரம் போட்டு எதிரிகளை ஒளிரவைத்தால் உங்களுக்கு மட்டுமல்ல, மொத்த மேசைக்கும் அட்வான்டேஜ்.

பக்கத்து நாற்காலிக்காரர் தரும் இவற்றில் ஒன்றுகூட உங்கள் கேரக்டர் ஷீட்டில் எழுதக்கூடியதல்ல. எல்லாம் அடுத்தவர் ஷீட்டில் இருக்கிறது.

எனக்குள்ள கவலை

என்னை அரிக்கிற விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இப்போது யாரும் மேசையில் உட்கார்ந்து கேரக்டர் எழுதுவதில்லை. செல்போனில் ஆப் இருக்கிறது. ராத்திரி படுத்துக்கொண்டே முதல் லெவலிலிருந்து இருபதாம் லெவல் வரை பில்டு போட்டு முடித்துவிடுகிறார்கள். எந்த ஃபீட், எந்த லெவலில், சராசரி சேதம் எவ்வளவு என்று எல்லாம் தயார். முதல் நாள் மேசைக்கு வரும்போது நான்கு பேரும் நான்கு முடிந்த கதைகளோடு வருகிறார்கள். இருபதாம் லெவல் வரை போகிற சாகசங்கள் எத்தனை? பெரும்பாலானவை வேலை, பரீட்சை, கல்யாணம் என்று பாதியிலேயே நின்றுபோகின்றன. ஆள் ஆடப்போவது முதல் சில லெவல்களைத்தான். அந்த லெவல்களில் உயிரோடு வைத்திருப்பது ஃபீட் அல்ல, பக்கத்து ஆள்.

நான் டன்ஜன் மாஸ்டராக இருந்த ஒரு மேசையில் விஸார்ட், வார்லாக், வில்லோடு ஒரு ரேஞ்சர், இரண்டு கத்தியோடு ஒரு ரோக். நான்கும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல பில்டுகள். சண்டை என்று வந்தால் மூன்று பேர் பின்னால் நகர்கிறார்கள், ஒருவர் மட்டும் முன்னால் ஓடுகிறார். ஓடியவருக்கு ஸ்னீக் அட்டாக் கிடைக்கவில்லை, மூன்று எதிரிகளின் அடி மட்டும் கிடைத்தது. சீக்கிரமே அந்த ரோக் செத்துப்போனார். அவரை ஆடிய பையன் செல்போனைத் திறந்து பார்த்துவிட்டு, ‘பில்டு சரியாத்தானே இருக்கு’ என்றான். ரேஞ்சரை ஆடியவர், ‘மச்சி, நீ முன்னாடி போவேன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் எனக்கு வருத்தம்.

கணினி விளையாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது இன்னும் கடினம். ‘பால்டர்ஸ் கேட் 3’-ல் நான்கு பாத்திரங்களையும் பெரும்பாலும் ஒருவரே நகர்த்துகிறார். ஃபைட்டரை முன்னால் நிறுத்தி, ரோக்கை அவர் பக்கத்தில் கொண்டுவந்து குத்தவைப்பது ஒரே மூளை செய்கிற வேலை. மேசையில் அது நான்கு மூளைகள் செய்ய வேண்டிய வேலை. ‘நான் இங்க நிக்கிறேன், நீ அவன் பக்கத்துல வா’ என்று வாயைத் திறந்து சொன்னால்தான் நடக்கும்.

தனியாகப் போட்ட பில்டு தனியான மனிதரையும் உருவாக்குகிறது என்பது என் கவலையின் இன்னொரு பாதி. கூட்டாளிகளின் பையில் கைவிட்டுத் தங்கத்தை எடுக்கிற ரோக். புதையல் அறையை முதலில் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் சொல்லாத ரோக். கேட்டால் ‘என் கேரக்டர் அப்படித்தான்’ என்கிற பதில். அப்படி ஒரு தடவை பையில் கைவிட்டவருக்காக, அடுத்த சண்டையில் எந்த ஃபைட்டர் ஐந்தடி தள்ளி வந்து நிற்பார்?

கணக்குப் போடுவதே ஒரு சந்தோஷம், அதையும் கெடுக்காதே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கு போடட்டும்; நானும் மேலே போட்டிருக்கிறேன். சாகசம் தொடங்குமுன் எல்லாரும் கூடிப் பேசுகிற செஷன் ஜீரோ முடிந்த பிறகு போடட்டும். அந்தச் சந்திப்பில் மெலீ ரோக் எடுக்க நினைக்கிறவர் கேட்க வேண்டியதெல்லாம் இரண்டே விஷயம்: முன்வரிசையில் யார் நிற்கப்போகிறீர்கள்? நான் குத்தும்போது என் பக்கத்தில் இருப்பீர்களா? ஒருவரும் கை தூக்கவில்லை என்றால் வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

2024-க்குப் பிறகு

2024-ல் திருத்தப்பட்ட விதிகள் மெலீ ரோக்குக்கு இரண்டு பரிசுகள் கொண்டுவந்தன. ஒன்று எனக்குச் சற்றே சங்கடம், மற்றது பெரிய மகிழ்ச்சி.

சங்கடம், ஆயுதங்களுக்கு வந்த மாஸ்டரி. ஷார்ட்ஸ்வேர்டின் வெக்ஸ் குணத்தால், குத்து பட்டால் அதே எதிரி மேல் அடுத்த குத்துக்கு அட்வான்டேஜ். குத்துவாளுக்கும் சிமிட்டருக்கும் நிக் குணம். இரண்டாவது குத்துக்குப் போனஸ் ஆக்ஷன் தேவையில்லை. வலது கையில் ஷார்ட்ஸ்வேர்டு, இடது கையில் குத்துவாள் என்று பிடித்தால், முதல் குத்து பட்ட உடனே இரண்டாவதுக்கு அட்வான்டேஜ், அதன் பிறகும் போனஸ் ஆக்ஷன் மிச்சம். ஆயுதத் தேர்வில் இதைவிட நல்லது இப்போது இல்லை, எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தோழன் இல்லாமலே அட்வான்டேஜைத் தயாரித்துக்கொள்ள இது வழி விடுகிறது. ஒண்டிக்கட்டைகளுக்கு இன்னொரு சாக்கு.

மகிழ்ச்சி, ஐந்தாம் லெவலில் வரும் கன்னிங் ஸ்ட்ரைக். ஸ்னீக் அட்டாக் பகடைகளில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் குத்தோடு வேறொரு காரியமும் செய்யலாம். அதில் ட்ரிப் என்பதைப் பாருங்கள். எதிரி தடுக்கத் தவறினால் குப்புற விழுவான். விழுந்தவன் மேல் பக்கத்தில் நிற்கும் எல்லாருக்கும் அட்வான்டேஜ். சராசரி மூன்றரை சேதத்தைக் கொடுத்துவிட்டு, ஃபைட்டரின் இரண்டு வெட்டுக்கும் பாலடினின் இரண்டு வெட்டுக்கும் வழி திறந்துவிடுகிறீர்கள். இவ்வளவு காலம் தோழனிடம் வாங்கிக்கொண்டே இருந்த ரோக், முதல் தடவையாகத் திருப்பிக் கொடுக்கிறார். உங்களுக்குப் பின்னால் டர்ன் வருகிறவர்கள் யார் என்று பார்த்துவிட்டு ட்ரிப் செய்யுங்கள். எதிரியின் டர்ன் அடுத்து வந்தால் அவன் பாதி நடையைச் செலவழித்து எழுந்துவிடுவான், பகடை வீண்.

ஆள் குறைவான மேசை

ஒரு டன்ஜன் மாஸ்டர், இரண்டே ஆட்டக்காரர்கள் என்று விளையாடுகிறவர்களும் உண்டு. பெரிய ஊர்களைத் தாண்டினால் அதுதான் சாத்தியம். இரண்டாவது ஆட்டக்காரர் விஸார்டாக இருந்தால் மெலீ ரோக் பக்கத்தில் யார் நிற்பது?

அந்த விஸார்டே ஃபைண்ட் ஃபெமிலியர் மந்திரத்தால் ஓர் ஆந்தையை வரவழைக்கலாம். எதிரிக்கு எதிரி என்று அதையும் விதி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆந்தை எதிரியின் தலைக்கு மேல் வந்து உங்களுக்கு உதவினால் அட்வான்டேஜ்; எட்டும் தூரத்திலிருந்து பறந்து போகும்போது அதன் மேல் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கும் வீச முடியாது. அதற்கு ஹிட் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான். செத்தால் மறுபடி வரவழைக்கப் பத்து தங்கக் காசுக்குக் கரி, சாம்பிராணி, மூலிகை எரிக்க வேண்டும். அந்தச் செலவை விஸார்டின் தலையில் கட்டாமல், கிடைக்கிற புதையலில் ரோக்கின் பங்கிலிருந்து எடுத்துவைத்துவிடுவது முறை.

ஆந்தை போதவில்லை என்றால் 2019-ல் வந்த எசென்ஷியல்ஸ் கிட்டில் சைடுகிக் விதிகள் இருக்கின்றன. சண்டை தெரிந்த துணையாள் ஒருவரை டன்ஜன் மாஸ்டர் கூட்டத்தில் சேர்த்துவிடலாம். அவரை நகர்த்துகிற பொறுப்பை விஸார்டை ஆடுகிறவரிடம் கொடுங்கள், ரோக்கிடம் கொடுக்காதீர்கள். எங்கே நிற்க வேண்டும் என்று ரோக் வாய்விட்டுக் கேட்கட்டும்.